கோச்சி வராத நேரம்

பிள்ளைக்காம்பரா படியில் வழுக்கி
நெற்றி பிளந்து வந்தான் நிதுர்ஷன்.
மூன்று தையல் வெட்டு.
மழைக்காலத்தில் இப்படி
வாரத்துக்கு இரண்டு வரும்.

துண்டெழுதுவது என் வேலை.
பெயர். டிவிஷன். வயது நாலு.
"எத்தனை கிலோ?"
தோட்டத்து ஆஸ்பத்திரித் தராசு முள் ஒடிந்து
இரண்டு மாதம். கடிதம் போயிருக்கிறது.
யோகமலர் ஒரு மூச்சு தயங்கி
"பதினஞ்சு" என்றாள்.
15 என்று எழுதினேன்.
என் இலக்கம் எப்போதும் வடிவாக இருக்கும்.

அந்தப் பதினைந்தைத்தான் ஐயா பெருக்கினார்
கிலோவுக்கு இத்தனை என்று.
சிரிஞ்சை வெளிச்சத்தில் தூக்கிக்
கோடு பார்த்தார்.
அவர் பெருக்கலில் பிழையில்லை.
விறைப்பூசி ஏறியும் பையன் துள்ளவே
இன்னும் கொஞ்சம் போட்டார்.
யாரும் போடுவார்கள்.

அழுகை நின்றது.
நல்லதுக்கென்று நினைத்தோம்.

"அம்மா, கோச்சி வருது."

ஜன்னலுக்குக் கீழே, தேயிலைச் சரிவு முடிகிற இடத்தில்
ரொசல்லை போகும் தண்டவாளம். உண்மைதான்.
ஆனால் பத்தேகாலுக்கு மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை.
இருபத்தொரு வருடம்
கோச்சிச் சத்தம் கேட்டுத்தான் தேத்தண்ணி ஊற்றுகிறேன்.
"இப்ப இல்லடா தம்பி, பதினொன்றரைக்கு" என்று
சிரித்தேன்.
ஆம், சிரித்தேன்.
"காதுக்குள்ள வருது" என்றான்.
நாக்கை நீட்டிப் புறங்கையால் துடைத்தான்.
"வாயில காசு."

கத்தரிக்கோல் கிடந்த தட்டு முதலில் கிலுகிலுத்தது.
தட்டைப் பார்த்துப் பிறகுதான்
மேசையைப் பார்த்தேன்,
மேசையை உதைக்கும் காலைப் பார்த்தேன்.
கண் இரண்டும் ஒரே பக்கம் போய்
யாரையோ பார்த்து நின்றது.

யோகமலர் காம்பராச் சாவியை
அவன் கைக்குள் திணித்தாள்,
இரும்பு பிடித்தால் நிற்கும் என்று.
ஐயா தடுக்கவில்லை.
பையனைச் சரித்தார், ஒக்சிசன் வைத்தார்,
வலிப்பு மருந்தைப் பின்வழியாகச் செலுத்தினார்.
அந்தக் கை மட்டும்
சாவியோடு சேர்ந்து கொஞ்ச நேரம்
கதவைத் திறக்கப் பார்த்தது.

பிறகு மூச்சு. பிறகு குறட்டை.

"கிலோ சரியாச் சொல்லு" என்றார் ஐயா
அவள் முகத்தைப் பார்க்காமல்.
"கிளினிக்கில மிஸ்ஸி ஏசுவாங்க ஐயா.
அட்டையில சிவப்புக்குக் கீழ விழுதாம்,
சோறு குடுக்கிறியா, வித்துத் தின்னுறியான்னு
எல்லார் முன்னாலயும் கேட்டாங்க.
அதுக்குப் பிறகு நான்
கூட்டித்தான் சொல்லுறது."

டிக்கோயா அம்புலன்ஸ் வர ஐம்பது நிமிடமாம்.
கடிதத்துக்கு உண்மை நிறை வேண்டும்.
பக்கத்துக் கொழுந்து மடுவத்துக்கு
நான்தான் தூக்கிப் போனேன், ஐயா கூடவே.
கட்டுத் துணிக்கு மேல் இரத்தம் பூத்திருந்தது.
படங்கை முடிந்து தொட்டிலாக்கிக்
கொக்கியில் மாட்டினோம்.
தராசு யோசித்து நின்றது.

"பன்னிரண்டு நூறு" என்றார் கணக்கப்பிள்ளை.
சொன்ன வாய் பழக்கத்தில்
"படங்குக்கு ஒன்னு கழி" என்றது.
சொல்லிவிட்டு நாக்கைக் கடித்தார்.

ஒவ்வொரு மாலையும் தண்ணிக்கென்றும் படங்குக்கென்றும்
கிலோக்கள் பறிபோக
வாய் திறக்காமல் நின்றவள்தான்.
"கழிங்க" என்றாள்.
"இன்னைக்குச் சரியாக் கழிங்க."

துண்டில் அந்த 15ஐ நான் வெட்டவில்லை.
பக்கத்தில் எழுதினேன், பேனை இரண்டு தரம்
எழுத மறுத்தது.

பதினொன்றரைக் கோச்சி அன்று பிந்தித்தான் வந்தது.
மடுவத் தகரம் அதிர்ந்தது.
தாயின் தோளில் ஒரு கண் திறந்து
கேட்டான், முழுவதும் கேட்டான்,
கடைசிப் பெட்டி வளைவில் மறையும்வரை.

"இது வேற" என்றான்.